நாலு பேர் குழு

ஜனவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். கடைவாய்ப்பல் ஒன்று மட்டும் குத்திக்கொண்டே இருக்கிறது. டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். அவர் வரும் நாள் பார்த்து அது வலிக்காது. நீ நலமா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிருக்கு வீக்கம் கூடியிருக்கும். எண்ணெய் தேய்க்கச் சொன்னால் கேட்க மாட்டாள், நீயே பிடித்து உட்காரவைத்துத் தேய்த்துவிடு.

ஒரு செய்தி. நான் படிக்கப் போகிறேன். சிரிக்காதே. இங்கே சிறை நூலகத்துக்குப் பக்கத்து அறையில் ஆறு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். தொலைநிலைக் கல்வியில் சமையல், தையல், புள்ளிவிவரக் கணக்கு என்று மூன்று படிப்புகளுக்கு அனுமதி உண்டு. எட்டு வருடம் லாரியில் லோடு கணக்கு எழுதியவன் என்று சொல்லி மூன்றாவதற்குப் பெயர் கொடுத்தேன். எடுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம். பாடத்தைப் பார்க்கலாம், கேட்கலாம். திருப்பிப் பேசவோ எழுதவோ முடியாது. அந்த வழியை மட்டும் அடைத்துவைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் உன் உதவி வேண்டும். மாணவர்களை நாலு நாலு பேராகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். நான் ஏழாம் குழு. மற்ற மூன்று பேரின் போன் எண்களையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போவதும் இல்லை. நீ கூப்பிட்டு, அண்ணன் வேலை செய்கிற இடத்தில் சிக்னல் கிடையாது, எல்லாம் என் வழியாகத்தான் என்று சொல். சிக்னல் கிடையாது என்பது உண்மைதானே. மீதியை அவர்கள் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு வருடத்தில், நான் என்ன செய்தேன் என்று தெரியாத ஒரு மனிதரோடு நான் பேசியதே இல்லை. இங்கே எல்லோருக்கும் எல்லோருடைய கேஸும் மனப்பாடம். இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. மூன்று பேருக்காவது நான் வெறும் கூடப் படிக்கிறவனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

இதையும் அலுவலகத்தில் படித்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார்கள். படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து என்னைப் பார்க்க வேண்டும் என்று அலையாதே. கடிதம் போதும்.

உன் அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால்தான் நலமில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு போனால், "எனக்கென்ன இப்ப கல்யாணமா?" என்கிறாள். பல்லுக்கு உப்பு போட்ட வெந்நீர் கொப்பளி. கிராம்பு கேட்டால் கொடுப்பார்களா?

மூன்று பேரையும் கூப்பிட்டுவிட்டேன். ரொட்டி ஃபேக்டரியில் எங்கள் வரிசைக்கு மதியம் இருபது நிமிடம் இடைவேளை. பொட்டலம் கட்டும் மேஜைக்குப் பின்னால் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து பேசினேன். எழுந்தபோது பின்பக்கமெல்லாம் வெள்ளை. நாள் முழுக்கச் சிரித்தார்கள்.

முதலில் ஒரு தையல்காரம்மா. ஐம்பது வயது இருக்கும். பேசும்போதே மிஷின் ஓடுகிறது. "முப்பது வருஷமா ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் அளவு எடுத்துட்டேன். என் அளவு என்னன்னு பார்த்துடலாம்னு சேர்ந்தேன்மா" என்றார். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து என்னைச் சேர்த்ததும் அவர்தான். சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குப் புரியவில்லையாம், உன்னிடம் கேட்கச் சொன்னார்.

இரண்டாவது ஒரு பேங்க் வாசலில் நிற்கும் காவலாளி. நான் பத்து வாக்கியம் பேசினால் அவர் ஒரு "சரிங்க" தருகிறார். ராத்திரி வீட்டிலிருந்து மறுபடி பேசியபோது ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா "வாயில்லாப்பூச்சி" என்று பெயர் வைத்துவிட்டாள். குரூப்பில் கட்டைவிரல் படம் மட்டும் போடுவார்.

மூன்றாவது இருபத்திரண்டு வயதுப் பெண். மருந்துக்கடையில் வேலை. அவள் மட்டும் நம் ஊர். ஊர்க்கோடியில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்க்கடை. "அண்ணன் எங்க வேலை பார்க்கிறாரு அக்கா?" என்று கேட்டாள். "தூரத்துல. உள்ள போனா வெளிய வர நாளாகும்" என்றேன். பொய் சொல்லவில்லை, பார்த்துக்கொள்.

மூன்று பேரும் உன்னை விசாரித்தார்கள். அம்மா சாப்பிட்டாயா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்
பாப்பா


பிப்ரவரி 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

பல்லும் நானும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அம்மாவுக்கும் உனக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

ஆய்வுத் தலைப்பு வந்துவிட்டது: வரிசையில் காத்திருத்தல். ஆளுக்கொரு வரிசையைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். எத்தனை பேர் நின்றார்கள், ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆனது, பொறுமை இழந்து பாதியில் போனவர் எத்தனை பேர். தையல்காரம்மாவுக்கு மின்கட்டண அலுவலகம், காவலாளிக்கு பேங்க், மருந்துக்கடைப் பெண்ணுக்கு எதிரே இருக்கும் ஆஸ்பத்திரியின் சீட்டு வரிசை என்று பிரித்துக்கொள்ளச் சொல்.

எனக்கு வரிசைக்கா பஞ்சம்? காலை ஐந்தரைக்குக் குளியல் குழாய் வரிசையை எடுத்துக்கொண்டேன். கைக்கடிகாரம் கிடையாது. குழாய்க்கு எதிரே வார்டர் அறையில் சுவர்க்கடிகாரம் இருக்கிறது, ஆனால் கதவு பாதி சாத்தியிருக்கும். மீசை வார்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "என்னைப் பத்தி ஏதாவது எழுதினே, தொலைச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கதவை அகலத் திறந்துவைத்தார். பத்து நாளும் அப்படியே திறந்திருந்தது.

கணக்கு இதோடு இருக்கிறது. தினமும் நூற்று நாற்பது பேர், ஒன்றிரண்டு முன்பின். சராசரி பன்னிரண்டு நிமிடம். பாதியில் போனவர் பத்து நாளும் சைபர்.

தையல்காரம்மாவுக்குச் சராசரிக்கும் இடைநிலைக்கும் வித்தியாசம் புரியவில்லை என்று எழுதியிருந்தாயே. இதைப் படித்துக் காட்டு: ஒன்பது பேருக்கு அளவெடுத்தீர்கள், பத்தாவதாக ஒரு யானை வந்தது. பத்து அளவையும் கூட்டி வகுத்து ஒரே சட்டையாகத் தைத்தால் அது யாருக்கும் ஆகாது, யானைக்கும் ஆகாது. எல்லோரையும் உயர வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவனுக்குத் தைத்தால், பாதிப் பேராவது போட்டுப் பார்ப்பார்கள். அந்த நடுவில் நிற்பவன்தான் இடைநிலை.

வியாழக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது. பல வருடத்துக்குப் பிறகு எனக்குக் கிழமை ஞாபகம் இருக்கிறது.

உன் அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாவரும் சுகம். அம்மா கொஞ்சம் நடக்கிறாள்; தெருமுனைவரை போய்விட்டு வந்து ஊர்க்கதை முழுவதும் சொல்லும் அளவுக்கு நடக்கிறாள். உன் பல்லை டாக்டரிடம் காட்டினாயா?

யானைச் சட்டையைக் குரூப் காலில் மூன்று பேருக்கும் படித்துக் காட்டினேன். தையல்காரம்மாவின் மிஷின் முதல் தடவையாக நின்றது. சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது அவருக்கு. "டீச்சரை அனுப்பிட்டு உங்க அண்ணனை உட்காரவைக்கச் சொல்லும்மா" என்றார். வாயில்லாப்பூச்சி இரண்டு கட்டைவிரல் போட்டார். நமக்கு அது மாலை மரியாதை மாதிரி.

அவர்கள் இருவரின் கணக்கும் வந்துவிட்டது, இதோடு வைத்திருக்கிறேன். மருந்துக்கடைப் பெண் இன்னும் ஆரம்பிக்கவில்லை. உன் கணக்கைப் பார்த்துவிட்டு அவள் ஒன்று கேட்டாள்.

"அக்கா, நூத்தி நாப்பது பேர், பத்து நாள். ஒருத்தர்கூடப் பாதியில போகலையா?"

"கம்பெனி ஹாஸ்டல்மா. குளிக்காம வேலைக்குப் போக முடியுமா?" என்றேன்.

"ஒருத்தருக்குக்கூடக் கோவம் வரலையா? ஒருத்தருக்குக்கூட வயித்து வலி வரலையா?" என்று கேட்டுவிட்டு, "அப்படிப்பட்ட கம்பெனி எனக்கு வேண்டாம்பா" என்று சிரித்தாள். சமாளித்துவிட்டேன். கவலைப்படாதே.

அன்புடன்
பாப்பா


ஏப்ரல் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமாக இருக்கிறாயா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. மார்ச் முதல் வாரம் ஒன்று எழுதினேன், கடைசி வாரம் ஒன்று எழுதினேன். பதில் இல்லை. அலுவலகத்தில் கேட்டால் ஒன்றும் வரவில்லை என்கிறார்கள். அம்மாவுக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. மறைத்தால் இங்கே உட்கார்ந்து அதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வேன்.

என் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் நாக்குப் போய்ப் போய்த் துழாவுகிறது.

அறிக்கைக்கு ஜூன் கடைசிவரை தவணை. மருந்துக்கடைப் பெண்ணின் கணக்கு மட்டும் பாக்கி. அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்யாமல், முடியும்போது அனுப்பச் சொல். தையல்காரம்மாவின் இருமல் சரியாயிற்றா? காவலாளி அண்ணன் வெயிலில் நிற்கிறாரா, குடையேதும் உண்டா? கேட்டதாகச் சொல்.

ஒரு வரி போதும். நலம் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

உன் அண்ணன்


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அம்மா நலம். நீ பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஃபேக்டரியில் ஷிப்ட் மாறியது. அந்த அலைச்சலில் எழுத முடியவில்லை.

மருந்துக்கடைப் பெண்ணின் கணக்கு இதோடு இருக்கிறது. பத்து நாள், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு. அவளுக்கு வேலை அதிகம், குரூப்பில் முன்போல் வருவதில்லை. ஆனால் கணக்கை மட்டும் பொறுப்பாக எடுத்திருக்கிறாள். பாதியில் போனவர்களைத் தனியாக எழுதியிருக்கிறாள், பார். கைக்குழந்தையோடு வந்த ஒருவர் நாற்பது நிமிடம் நின்றுவிட்டுப் போனார். அரைமணி கழித்து வேறொரு பெண்ணோடு வந்து மறுபடி கடைசியில் நின்றார். அவரைப் போனவராகக் கணக்கிடுவதா, புதிதாக வந்தவராகவா என்று தெரியவில்லையாம். நீயே முடிவு செய்யச் சொன்னாள்.

தையல்காரம்மாவுக்கு இருமல் இல்லை. காவலாளிக்கு வாசலில் நிழல் இருக்கிறதாம். எல்லோரும் விசாரித்தார்கள்.

பிடுங்கிய இடத்தில் நாக்கை வைக்காதே.

பாப்பா


மே 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலம் என்று படித்த பிறகுதான் சோறு இறங்கியது.

மருந்துக்கடைப் பெண்ணின் கணக்கைப் போல ஒன்றை டீச்சரின் பாடத்தில்கூட நான் பார்க்கவில்லை. ஊன்றுகோல் வைத்திருந்த கிழவருக்கு முன்னால் நின்றவர் இடம் கொடுத்ததைக்கூட ஓரத்தில் குறித்திருக்கிறாள். வரிசையை எண்ணியவள் மாதிரி இல்லை. அதில் நின்றவள் மாதிரி எழுதியிருக்கிறாள். என் பாராட்டைச் சொல்.

பாப்பா, எனக்கு இப்போது ஒரு சங்கடம். இவ்வளவு நேர்மையாகக் கணக்கு எழுதுகிறவர்களிடம் நான் யார் என்று மறைத்துக்கொண்டு அறிக்கையில் பெயர் போட மனம் வரவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்துதான் ஆரம்பித்தேன். இப்போது அந்த நாலு பேரில் நானும் ஒருவன். தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மூன்று பேருக்கும் படித்துக் காட்டு. ஒரு வார்த்தையையும் மாற்றாதே.

உன் அண்ணன்

ஏழாம் குழுவினருக்கு,

நான் கம்பெனியில் இல்லை. சிறையில் இருக்கிறேன். நான் சிமெண்ட் லாரி ஓட்டியவன். இரண்டு டிரிப் முடித்துவிட்டு மூன்றாவதற்கும் நானே போகிறேன் என்றேன். லோடு ஏற்றுகிறவர் "தூங்கிட்டுப் போப்பா" என்றார். கேட்கவில்லை. காலை ஏழே முக்காலுக்கு வண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் ஏறியது. இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்த அம்மா. இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்து ஐந்து நாள் ஆன இளைஞர்.

இதுவரைக்கும் தூக்கத்தின்மேல் பழி போடலாம். அதற்குப் பிறகு நான் விழித்துத்தான் இருந்தேன். நிறுத்தவில்லை. நாலு கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த அம்மா அரைமணி நேரம் உயிரோடு இருந்தார், உடனே தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் கோர்ட்டில் சொன்னார். என் வண்டியில் இடம் இருந்தது.

எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. தெரியாமல் என்னோடு சிரித்தீர்கள். தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

உங்களோடு படிப்பவன்


மே 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் தாளைப் படித்துக் காட்டிவிட்டேன். எதையும் மாற்றவில்லை.

தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, "செஞ்சது பெரிய தப்பும்மா. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா தப்பாப் போன தையலைப் பிரிச்சுத்தான் ஆகணும். அவரு தானாவே பிரிச்சுட்டாரு. நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு" என்றார்.

காவலாளி அன்றைக்கு ஒன்றும் போடவில்லை. மறுநாள் "சரிங்க" என்று எழுதினார்.

மருந்துக்கடைப் பெண் இரண்டு நாள் கோபமாக இருந்தாள். பிறகு அவளே கூப்பிட்டாள். "கோவம் போகலைக்கா. ஆனா மன்னிச்சுட்டேன். அண்ணன் அறிக்கையை முடிக்கட்டும். நம்ம குழு நாலு பேர்தான்" என்றாள்.

ஆகவே நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் எழுது. அம்மா சாப்பிடச் சொன்னாள்.

பாப்பா


ஜூன் 19

ஐயா,

வணக்கம். உங்களை எப்படி நலம் விசாரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண்.

உங்கள் குழுவில் நான் இல்லை. பிப்ரவரி கடைசியிலிருந்தே இல்லை. நூற்று நாற்பது பேரில் ஒருவர்கூட வரிசையை விட்டுப் போகவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் முதலாளியிடம் கேட்டேன். "அப்படி வரிசை ரெண்டு இடத்துலதான் நிக்கும். ஒண்ணு பட்டாளம், இன்னொண்ணு ஜெயில்" என்றார். மாணவர் பட்டியலில் இருந்த உங்கள் பெயரைப் பழைய செய்திகளில் தேடினேன். கிடைத்தது. மற்ற இருவரிடமும் சொன்னதும் நான்தான். மூன்று பேரும் கல்வி நிலையத்தில் கேட்டு ஐந்தாம் குழுவுக்கு மாறிவிட்டோம்.

போன திங்கட்கிழமை ஒரு பெண் கடைக்கு வந்தார். முகம் பார்த்த முகமாக இருந்தது. ஏப்ரலில் பத்து நாள் எதிரே ஆஸ்பத்திரிச் சீட்டு ஜன்னல் பக்கத்து பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவர். நோயாளி என்றுதான் அப்போது நினைத்தேன். ஒருநாள் போய், "ஏதாவது வேணுமாக்கா?" என்று கேட்டேன். "இல்லம்மா, எண்ணிட்டிருக்கேன்" என்றார். மனம் சரியில்லாதவர் போலிருக்கிறது என்று வந்துவிட்டேன்.

அவர்தான் உங்கள் தங்கை. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. ஒரு தாளை நீட்டினார். "நீ இதைப் படிச்சதா எங்கண்ணனுக்கு எழுதிட்டேன். அதாவது உண்மையா இருக்கட்டும், படிச்சிடு" என்றார். பில் போடும் மேஜையிலேயே நின்று படித்தேன். முடித்ததும், "நீ மன்னிச்சுட்டேன்னும் எழுதிட்டேன்" என்றார். "நான் அப்படிச் சொல்லலையேக்கா" என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐயா, என் பெயரில் வந்த அந்த மன்னிப்பை நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடாது. மன்னிக்க நான் யார்? இறந்தவர்கள் எனக்கு உறவில்லை. ஆனால் நான் சொல்லாததைச் சொன்னதாக இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக் கணக்கும் நான் எடுத்ததில்லை. அறிக்கையில் என் பெயரைப் போடாதீர்கள்.

சராசரியும் இடைநிலையும் எனக்குப் புரிந்தது உங்களால்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைப் பெண்


ஜூலை 2

பாப்பாவுக்கு,

நான் நலம். அம்மா நலமா?

மருந்துக்கடைப் பெண் எனக்கு நேரே கடிதம் எழுதியிருக்கிறாள். எல்லாம் தெரிந்துவிட்டது.

அவர்கள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் போயிருப்பேன். நீ பத்து நாள் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை உட்கார்ந்து உன் கணக்கை முழுவதும் மறுபடி படித்தேன். யார் எழுதியது என்று தெரிந்து படித்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஆனால் அந்த மன்னிப்பு, பாப்பா. அதை ஏன் எழுதினாய்? எல்லோரும் போய்விட்டார்கள் என்று எழுதியிருக்கலாம். நான் படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். எழுதாமலே இருந்திருந்தாலும் பொறுத்திருப்பேன். நீ எழுதியதை நம்பி நான் மூன்று வாரம் நன்றாகத் தூங்கினேன். இரண்டரை வருடத்தில் முதல் தடவை. பக்கத்துக் கட்டில்காரர்கூட, "என்னப்பா, இப்பல்லாம் உளறுறதில்லையே" என்று கேட்டார். அப்படித் தூங்கியதற்காகத்தான் உன்மேல் எனக்குக் கோபம். அந்த அம்மாவின் வீட்டில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். நான் தூங்கினேன், யாரும் கொடுக்காத ஒன்றைத் தலைக்கு வைத்துக்கொண்டு.

அறிக்கைத் தவணை முந்தாநாளோடு முடிந்தது. நான் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை அந்த அறைக்கும் போகவில்லை. மீசை வார்டர் வந்து, "என்னடா, கிளாஸுக்கு வரலையா?" என்றார். தலைவலி என்றேன்.

ஏன் எழுதினாய் என்று மட்டும் சொல்.

அண்ணன்


ஆகஸ்ட் 14

அண்ணனுக்கு,

அம்மா நலம். நான் உடம்பால் நலம்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன், இனி எதையும் பாக்கி வைக்க வேண்டாம்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி மதிய இடைவேளையில் அந்தப் பெண் குரூப்பில் ஒரு படம் போட்டாள். உன் லாரியின் படம். "அக்கா, இது உங்க அண்ணனா?" என்று கேட்டிருந்தாள். ஆமாம் என்றேன். தையல்காரம்மா உடனே கூப்பிட்டார். மிஷின் சத்தம் இல்லை. "உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா நீ அவர் எழுதினதைப் படிப்பே, நான் சிரிக்கணும். இனிமே எனக்குச் சிரிப்பு வராது" என்றார். அவர்தான் குரூப்பிலிருந்து என் எண்ணை எடுத்துவிட்டார். காவலாளி மட்டும் தனியாக, "நல்லா இருங்க" என்று அனுப்பினார். அவர் எனக்கு எழுதிய நீளமான வாக்கியம் அதுதான்.

ஏப்ரலில் பத்து நாள் காலை ஷிப்டுக்குப் போகாததால் ஃபேக்டரியில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஷிப்ட் மாறியது என்று உனக்கு எழுதினேன். இப்போது ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறேன். வலது கையில் இரண்டு சூடு. ஆறிவிட்டது.

இனி நீ கேட்டது.

அம்மா உன்னை என்றைக்கோ மன்னித்துவிட்டாள். கோர்ட்டிலிருந்து வந்த அன்று மாலையே, "அவன் பசியோட போயிருப்பான்" என்று அழுதாள். அவளுக்கு அது வருகிறது. எனக்கு வரவில்லை. தூங்கிவிட்டதைக்கூட நான் என்றைக்கோ மறந்திருப்பேன். அந்த நாலு கிலோமீட்டர்தான். அதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. கோர்ட்டில் வக்கீல் வாயால் கேட்டேன். அந்த அம்மாவின் மகள் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அரைமணி நேரம் உயிர் இருந்தது என்று டாக்டர் சொன்னபோது அவள் திரும்பி நம் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த நிறுத்தத்தில் நான் பஸ் ஏறுவதில்லை. அடுத்த நிறுத்தம்வரை நடக்கிறேன்.

உன் தாளைப் படித்த அன்று, அவர்கள் பெயரில் எழுதுவதற்கு முன்னால் என் பதிலைத்தான் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள அண்ணனுக்கு" என்று எழுதினேன். அதற்குமேல் போகவில்லை. மூன்று தாள் கிழித்தேன். பிறகு தையல்காரம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து எழுதினேன். கை ஓடியது. அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். அதுவும் வந்தது. என் பெயரில் மட்டும் வரவில்லை. நீ மன்னிப்பை எதிர்பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். கொடுக்க என்னிடம் இல்லை. அதனால் அவர்களிடமிருந்து எடுத்துக் கொடுத்தேன். உன்னைத் தூங்கவைக்கத்தான் என்று அப்போது நினைத்தேன். நானும் தப்பித்துக்கொள்ளத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

உன்னை ஒருமுறைகூட வந்து பார்க்காததற்குத் தூரம்தான் காரணம் என்று நீயும் எழுதினாய், நானும் அப்படியே விட்டுவிட்டேன். பதினொரு மணி நேரப் பயணம். அதைவிடத் தூரத்துக்கு ஜனங்கள் போய்வருகிறார்கள்.

கல்வி நிலையத்தில் கேட்டேன். அடுத்த பருவத்தில் தனியாக ஒருவரே அறிக்கை எழுதலாமாம். அதற்கு நீ வியாழக்கிழமை வகுப்பை விடக்கூடாதாம். போவதும் போகாததும் உன் இஷ்டம்.

செப்டம்பர் ஆறாம் தேதி பார்வையாளர் நாள். டிக்கெட் எடுத்துவிட்டேன். தனியாக வருகிறேன். உன் எதிரே உட்காருவேன். என்ன பேசுவேன், பேசுவேனா என்று தெரியவில்லை. நீயும் எதையும் கேட்காதே. மணி அடிக்கும்வரை உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

நீ சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கிறாள். இது அவள் கேட்டது. நான் சேர்த்ததில்லை.

தங்கை